கணக்கு வகுப்பில் சாப்பாட்டுப் பேச்சு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது ஊரறிந்த விஷயம். பாகூர் கொம்யூனில், அதாவது பஞ்சாயத்தில், நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில், நான் சாக்பீஸைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தே ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடும். பாதிப் பழியை நான் குடியிருக்கும் மூலக்குளத்தின் மேல் போடுவேன். காலையில் வீட்டு வாசலிலிருந்து ஸ்கூட்டரை எடுத்து, வில்லியனூர் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவளுக்கு முகம் எப்படிச் சிரித்தபடி இருக்கும்? வில்லியனூர் தாண்டி வயல் கண்ணில் பட ஆரம்பித்ததும் கொஞ்சம் தணியும். முழுக்கத் தணிவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும்.

எங்கள் பள்ளியில் எல்லா விதமான பிள்ளைகளும் உண்டு. பனித்திட்டிலிருந்து கடல் தொழில் செய்கிறவர்களின் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் அடைந்துகொண்டு வருவார்கள். கடைத்தெருவிலிருந்து மளிகைக்கடை, ஹார்டுவேர் கடைக்காரர்களின் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். சர்ச் தெருப் பிள்ளைகள் நடந்தே வருவார்கள். ஒன்றிரண்டு பேர் ‘சொல்தா வூடு’, அதாவது தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த குடும்பம். அந்தப் பையன்களைக் கணக்கில் குறை சொன்னால், “நான் பாரீஸ் போய்டுவேன் மிஸ்” என்பார்கள். அங்கேயும் ஒன்றும் ஒன்றும் இரண்டுதான்டா என்று நான் சொல்லாத நாளில்லை.

இவர்களோடு ‘மிலிட்டரி வூட்டுப்’ பிள்ளைகளும் உண்டு. அப்பா நம் ராணுவத்தில் இருப்பார். சுற்றுவட்டாரத்தில் தெருவுக்கு ஒரு வீடாவது அப்படி இருக்கும். அப்பாவுக்குக் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ளும் ஊரில் வேலை என்றால் பிள்ளைகள் எங்கேயோ வடக்கே கன்டோன்மென்ட் பள்ளியில் படிப்பார்கள். எல்லைப் பக்கம் மாற்றல் வந்தால், அதை அவர்கள் ‘ஃபீல்டு’ என்பார்கள், அம்மாவும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். பாதி பாடம் ஓடிய பிறகு டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்து நிற்பார். நான் உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அப்படித்தான் ஒன்பதாம் வகுப்பின் நடுவில் அந்தப் பெண் வந்தாள். பேர் கூப்பிட்டால் விறைப்பாக எழுந்து, “யெஸ் மேம்” என்பாள். முதல் நாள் வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தாள். பேசுவது தமிழ்தான், ஆனால் எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவாள், பெஞ்சுத் தோழியைக்கூட. இடம் காலியாக இருந்தது பனித்திட்டுப் பெண் ஒருத்தியின் பக்கத்தில். அவளோ வாயாடி. மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும்வரை வாய் ஓயாது. இவளைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அந்த வாய் கொஞ்சம் அடங்கும் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு தப்பாய்ப் போனது. பேச ஒரு புது ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவள் இரண்டு மடங்கு பேசினாள்.

அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, மிலிட்டரிப் பெண்ணின் அப்பா இன்னும் மேலே, பனி கொட்டும் இடத்தில் ஒரு போஸ்டுக்குப் போய்விட்டார். ஒரு நாள் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார். உள்ளூரில் பிறந்து உள்ளூரில் வாழ்க்கைப்பட்டவர். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“டீச்சர், கோச்சுக்கக் கூடாது. அவருக்கு லைன் கெடைக்கறதே பகல்லதான். அப்ப இவ இஸ்கூல்ல இருக்கறா. எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு வெச்சிடறாரு. அப்பாகிட்ட பேசியே ரொம்ப நாளாவுது இவ. உங்க நம்பர அவருக்குக் குடுக்கட்டுங்களா?”

“கிளாஸ் நடக்கும்போது போனா? இன்னாம்மா, வெளையாடறீங்களா?” என்று சீறினேன். பள்ளிக்குள் பிள்ளைகள் போன் பேசக் கூடாது என்பது ஹெட்மாஸ்டர் போட்ட சட்டம். அதை அவரைவிட அதிகமாகக் கட்டிக் காத்தவள் நான். சீறி முடித்துவிட்டு நம்பரைச் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. “சரி சரி, கெளம்புங்க” என்று அனுப்பிவைத்தேன்.

அதன் பிறகு எப்போதாவது ஒரு நாள், மேஜை மேல் இருக்கும் என் போனில் வழக்கத்துக்கு மாறாக நீளமான ஒரு நம்பர் ஒளிரும். அவள் போனை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்கு, தண்ணீர்த் தொட்டி அருகே ஓடுவாள். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அடங்காத வகுப்பு, அந்த ஓரிரு நிமிடம் யாரும் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டிருக்கும். அவள் குரல் எங்களுக்கு லேசாகக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

“எப்போ வருவீங்க, அப்பா?”

அதற்கு மட்டும் அப்பா தேதி சொல்வதில்லை போலிருக்கிறது. கண் கலங்கித் திரும்பி வருவாள். பக்கத்தில் இருக்கும் பனித்திட்டுப் பெண் அவளைத் தேற்றுவாள் என்று பார்த்தால், சிடுசிடுப்பாள்.

“அத்த ஏன்டி கேக்கற? போன மனுசங்கிட்ட எப்ப வருவன்னு யாராச்சும் கேப்பாங்களா?”

இதென்ன கல்நெஞ்சுப் பெண் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு போன் வருவது நின்றுபோனது. வீட்டுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனிக்காலத்தில் லைன் கிடைக்காது என்று அம்மாவே சொன்னார். பிறகு டிவியில் அந்தப் பக்கம் பனிச்சரிவு என்று காட்டினார்கள். எந்த இடம், எந்தப் படைப்பிரிவு, ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு மலை, அதன் கீழே ஓடிக்கொண்டிருக்கும் எழுத்துகள், அவ்வளவுதான். மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள். “யெஸ் மேம்” மட்டும் அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் குறைந்துகொண்டே வந்தது. மாதிரித் தேர்வில் கணக்கை ஆரம்பிப்பாள், பாதியில் விட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடுவாள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கே அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்பதைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

நான் போனை எப்போதும் திரை மேலே தெரியும்படி மேஜையில் வைத்தேன். அடித்தால் வகுப்பே நிமிரும். ஒரு தடவை அடித்தது. எடுத்தால், “மேடம், பர்சனல் லோன் வேணுமா?” என்று ஒரு பெண் குரல். நான் அந்தப் பெண்ணைத் திட்டிய திட்டில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். அவள் மேல் என்ன தப்பு? அவள் பிழைப்பு அது. ஆனால் அந்த நேரத்தில் அந்த போனுக்கு அடிக்க வேறு யாருக்கும் உரிமையில்லை என்று எனக்கு இருந்தது.

அந்த நாட்களில்தான் பனித்திட்டுப் பெண்ணின் சாப்பாட்டுப் பேச்சு ஆரம்பித்தது. காலையில் மிலிட்டரிப் பெண் பையை இறக்கி வைப்பதற்குள் விசாரணை தொடங்கிவிடும்.

“இன்னா சாப்ட்ட?”

“இட்லி.”

“எத்தினி?”

“ஒண்ணு.”

“தொட்டுக்க?”

“சட்னி.”

“இன்னா சட்னி?”

மத்தியானம் சாப்பிட்டு வந்த பிறகு மறுபடியும். முட்டை போட்டாங்களே தின்னியா, மஞ்சக் கருவ வெச்சிட்டியா, ராத்திரிக்கு உங்கம்மா இன்னா பண்ணுவாங்க. நான் பலகையில் முக்கோணவியல் எழுதிக்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்பனைக் காணோம் என்று ஒரு பெண் உருகிக்கொண்டிருக்க, இவளுக்குச் சோற்று நினைப்பா என்று எனக்கு ஏறிவிட்டது. ஒரு நாள் சாக்பீஸை மேஜை மேல் வீசினேன்.

“இது கணக்கு கிளாஸா, மெஸ்ஸா? எந்திரிடி! வேற பேச்சே கெடைக்கலியா உனக்கு?”

எழுந்து நின்றாள். மணி அடித்ததும் தாழ்வாரத்தில் என் பின்னாலேயே வந்தாள்.

“மிஸ், ஒன்னு சொல்லட்டா? திட்டக் கூடாது.”

“சொல்லு.”

“எங்கப்பா போட்டு ஒரு தபா நடுக்கடல்ல காத்துல மாட்டிக்கிச்சு மிஸ். ராவெல்லாம் வரல. ஊரே எங்க வூட்ல வந்து ஒக்காந்துச்சு. வருமா வராதான்னு ஒருத்தரும் பேசல. எங்க ஊர்ல அத்த கேக்கவே மாட்டாங்க. சாப்ட்டியா, இன்னா சாப்ட்டன்னு மட்டும்தான் கேப்பாங்க. எங்கம்மா ஒன்னும் வேணாம்னுதான் இருந்தாங்க. வர்றவங்கல்லாம் கேக்கவும், பதில் சொல்றதுக்கோசரமே ரெண்டு வாய் துன்னாங்க. இவளும் கேட்டாதான் மிஸ் துன்றா. கேக்கலன்னா சும்மா வர்றா. நான் பாத்தேன்.”

அந்த ஊர் சுனாமியைப் பார்த்த ஊர். இவள் பிறப்பதற்கு முன்பே நடந்தது அது. ஆனால் காத்திருக்கிறவர்கள் வீட்டில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது. நானெல்லாம் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது, “ஏதாவது தகவல் வந்துச்சாம்மா?” என்றுதான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சரி, போ” என்றேன். “நாளைலருந்து மெதுவா கேளு.” என் கோபம் அதற்கு மேல் வளைந்து கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து நானும் தகவல் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். வகுப்புக்கும் விஷயம் எப்படியோ பரவிவிட்டது. மளிகைக்கடைப் பையன் வழியில் அவளை நிறுத்தி, “இன்னா சாப்ட்ட?” என்பான். பாரீஸ் போகப்போகிறவனும் கேட்பான். ஒரு பிள்ளை எத்தனை பேருக்குத்தான் இட்லி ஒன்று என்று சொல்ல முடியும்? கொஞ்ச நாளில் அது இரண்டானது, வெட்கத்திலேயே.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வண்டி வந்தது.

இரண்டாவது பீரியட். எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து கேட் தெரியும். பச்சை நிற ராணுவ வண்டி ஒன்று உள்ளே நுழைந்து கொடிக்கம்பத்தின் அருகே நின்றது. சீருடையில் இரண்டு பேர் இறங்கி ஹெட்மாஸ்டர் அறையைப் பார்த்து நடந்தார்கள். நான் அதைக் கவனிக்காமல் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே இருந்தேன். வகுப்பில் திடீரென்று ஒரு அமைதி. நான் கத்தாமல் வருகிற அமைதி. திரும்பினேன்.

மிலிட்டரிப் பெண் தன் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லை. புத்தகம், நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ். பேனாவை மூடி, அதையும் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். பிறகு எழுந்து விறைப்பாக நின்றாள், பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவளைப் போல. பக்கத்தில் பனித்திட்டுப் பெண்ணும் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள், கூடப் போவதற்கு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எங்கடி கெளம்பிட்டீங்க?” என்றேன். மளிகைக்கடைப் பையன்தான் ஜன்னலைக் காட்டினான். கன்டோன்மென்ட் வீடுகளில் வாசலில் இப்படி ஒரு வண்டி சொல்லாமல் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று அவள் அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார். பக்கத்து வீட்டு வாசலில் அப்படி ஒரு வண்டி நின்றதை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

நான் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓடியது எனக்கே ஆச்சரியம். ஹெட்மாஸ்டர் அறைக் கதவைத் தட்டவுமில்லை.

“சார், எதுக்கு வந்திருக்காங்க?”

ஹெட்மாஸ்டர் சாதுவான மனிதர். ரிடையர் ஆகும் வயது. என்னைப் பார்த்து மிரண்டார். “டென்ஷனாவாதீங்க டீச்சர். என்.சி.சி. பத்திப் பசங்களுக்குப் பேச வந்திருக்காங்க. நான்தான் வரச் சொன்னேன். எட்டாம் கிளாஸுக்கு.”

“எட்டாம் கிளாஸுக்கு வர்ற வண்டிய பத்தாம் கிளாஸ்ல சொல்ல மாட்டீங்களா?” என்று கத்தினேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? வண்டி வரும் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? திரும்ப ஓடினேன். கதவருகே வந்தபோது மூச்சு வாங்கிற்று.

“என்.சி.சி.டி! ஒன்னுமில்ல! பசங்களுக்குப் பேச வந்திருக்காங்க! ஒன்னுமே இல்லடி!”

அவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. நானும் அழுதேன். மறைக்கவில்லை. கணக்கு டீச்சர் அழுவதை வகுப்பு முதல்முறையாகப் பார்த்தது. பனித்திட்டுப் பெண் மட்டும் அழவில்லை. கட்டிய இரண்டு பைகளையும் திறந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக மேஜை மேல் எடுத்து வைத்தாள்.

வந்தவர்களில் ஒருவர் விழுப்புரம் பக்கத்துக்காரர், ஹவில்தார். விஷயம் கேள்விப்பட்டு வகுப்புக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று, “உள்ள வரலாங்களா டீச்சர்?” என்று கேட்டார். அவள் பெஞ்சருகே குனிந்து அப்பாவின் படைப்பிரிவைக் கேட்டார். அவள் எழுந்து நின்று ஒப்பித்தாள்.

“ஒக்காரும்மா, ஒக்காரு. நான் பெரிய ஆளு இல்ல. எனக்குத் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் அந்தப் பக்கம் இருக்காரு. கேட்டுப் பாக்கறேன். வார்த்த குடுக்க மாட்டேன், கேக்கறேன்” என்றார். போகும்போது வாசலில் திரும்பி, “சாப்ட்டியாம்மா?” என்றார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அந்த வாரக் கடைசியில், திருப்புதல் வகுப்பில், போன் அடித்தது. நீளமான நம்பர். அவசரத்தில் எதை அழுத்தினேனோ, ஸ்பீக்கர் வந்துவிட்டது. முதலில் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

“டீச்சருங்களா? வணக்கம்ங்க. பாப்பா இருக்குதுங்களா? லைன் இத்தினி நாளா அடியோட அவுட்டுங்க. இப்பதான் கீழ எறக்கிவிட்டாங்க.”

போனை அவளிடம் நீட்டினேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு பெஞ்சருகேயே நின்றாள். பனித்திட்டுப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத்தான் எப்போதும் கேட்பாள்.

“அப்பா,” என்றாள். “இன்னா சாப்ட்ட?”

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது, அழுகிற மாதிரியும் இருந்தது.

“இன்னாவா? பாகூர் பொண்ணாவே மாறிட்டியா நீ? ரொட்டி சாப்ட்டேன்மா. ரொட்டியும் பருப்பும். சூடா.”

“எத்தினி?”

“நாலு.”

“மீனு இல்லியாமா அங்க?” என்று பனித்திட்டுப் பெண் பின்னாலிருந்து கத்தினாள். வகுப்பு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. யாரையும் நான் அடக்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் மறுபடி எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

பொதுத்தேர்வின் முதல் நாள் காலை, பிள்ளைகளை வேறு பள்ளியில் இருந்த தேர்வு மையத்துக்கு அழைத்துப் போக வேன் வந்திருந்தது. நான் சீக்கிரமே கிளம்பி வந்து கேட்டில் நின்றேன். ஹால் டிக்கெட் எடுத்தியா, ஸ்கேல் எடுத்தியா என்று கேட்கவேண்டியது நிறைய இருந்தது. கணக்குப் பரீட்சை வேறு நாள்தான், இருந்தாலும் சூத்திரங்களை வாயால் சொல்ல வைக்கலாம் என்றும் திட்டம் வைத்திருந்தேன். வெள்ளையாக வெளுத்த சட்டையும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையுமாக ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோர் முகத்திலும் பயம். பாரீஸ்காரன் முகத்தில்கூட. எனக்கு ஒரு சூத்திரமும் ஞாபகம் வரவில்லை.

“சாப்ட்டீங்களா எல்லாரும்? இன்னா சாப்ட்டீங்க?” என்றேன்.

வேனில் ஏறப்போன பனித்திட்டுப் பெண் நின்று திரும்பினாள். அவள் கை மிலிட்டரிப் பெண்ணின் கையைக் கோத்திருந்தது.

“யாரோட போட்டு மிஸ் வரல?” என்றாள்.

“இனிமேதான்டி கடலுக்கே போவுது” என்றேன். “ஏறு, நேரமாச்சு.”

மிலிட்டரிப் பெண் இட்லி மூன்று என்று விரலைக் காட்டினாள். வேன் கிளம்பியது. எப்போது திரும்பி வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை.